ஒதுக்கீடு இருக்கிறது, கட்டுநிதி எங்கே?

வாசகர் கேள்வி:

ஐயா, 2025 மே மாதம் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் முதல் தடவையாகத் தெரிவாகி, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பிரதேச சபையில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் நெல்லும் பாலும்தான் பிழைப்பு. சனிக்கிழமைச் சந்தை வீதியோரத்தில் திறந்தவெளியில் கூடுகிறது. மழை வந்தால் மரக்கறி நனையும், ஆட்கள் வர மாட்டார்கள். சந்தைக்கு ஒரு கூரையும், பக்கத்தில் பால் சேகரித்துக் குளிரவைக்க ஓர் இடமும் கேட்டுச் சபையில் பிரேரணை கொண்டுவந்தேன். ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவே காசு காணாது என்கிறார் தவிசாளர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் கேட்டால், சந்தை சபையின் வேலை என்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் மச்சாள், அங்கே பின்தங்கிய ஊர்களின் பொருளாதாரத்தைத் தூக்கிவிட அரசாங்கம் சபைகளுக்கே கோடிக்கணக்கில் கொடுக்கிறது என்கிறாள். இங்கே அப்படி ஏதும் இல்லையா? இருந்தால் யாரிடம் கேட்பது? பேசாமல் எம்.பி.யிடம் போய்விடவா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

தவிசாளர் சொன்னதும் உண்மை, கச்சேரியில் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் உங்கள் சந்தை நனைந்துகொண்டிருக்கிறது. ஏன் அப்படி என்பதைச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பகுதியில் வேலை செய்தவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது.

நம் ஊரில் அரசாங்கப் பணம் இரண்டு வாய்க்காலில் வருகிறது. ஒன்று கொழும்பிலிருந்து அமைச்சு, மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்று கிராம உத்தியோகத்தர் வரை இறங்குகிறது. மற்றது திறைசேரியிலிருந்து மாகாணத்துக்குப் போய், திருகோணமலையிலிருந்து உள்ளூராட்சித் திணைக்களம் வழியாகப் பிரதேச சபைக்கு வருகிறது. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒரே வீதியில் எதிரெதிரே இருந்தாலும் பணம் வரும் வழி வேறு, கணக்கு வேறு, கேள்வி கேட்கும் ஆளும் வேறு. சந்தை சட்டப்படி சபையின் கடமை. ஆகவே முதல் வாய்க்காலில் நிற்பவர் உங்களை இரண்டாவது வாய்க்காலுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே தண்ணீர் குறைவு.

ஏன் குறைவு? 1987இல் வந்த 13ஆவது திருத்தம் நிதி ஆணைக்குழு ஒன்றை உருவாக்கியது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் அதில் பதவிவழி உறுப்பினர்கள், மற்ற மூவரும் மூன்று சமூகங்களைப் பிரதிநிதித்துவப்படுத்த நியமிக்கப்படுகிறவர்கள். மாகாணங்களுக்கிடையில் பணத்தைப் பங்கிடும்போது சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை, ஒவ்வொரு மாகாணத்தின் தலா வருமானத்துக்கும் மிக உயர்ந்த மாகாணத்தின் தலா வருமானத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் மாகாணத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. மாகாணத்துக்குள் எந்தச் சபைக்கு எவ்வளவு என்று அரசியலமைப்பில் ஒரு வரி கிடையாது. உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம், மாகாணம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாயிற்று.

மாகாணமாவது பார்த்துக்கொள்கிறதா என்றால், கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. மாகாண ஆளுநரும் பிரதம செயலாளரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்களில் பலரோடு சேர்ந்து வேலை செய்தவன் நான். ஆனால் போரதீவுப்பற்றுக்கும் வாகரைக்கும் இவ்வளவு கொடுங்கள் என்று திருகோணமலையில் எழுந்து நின்று சண்டைபிடிக்க மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

இனி உங்கள் மச்சாள் சொன்னது. அது உண்மைதான், ஆனால் பாதி. பிரித்தானிய அரசாங்கம் 2020இல் பிராந்திய ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய 480 கோடி பவுண் நிதியம் ஒன்றை அறிவித்தது. நகர மையம், பஸ் வசதி, பழைய கட்டடம் புதுப்பித்தல் போன்றவற்றுக்குச் சபைகள் விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஜனவரியில் இரண்டாம் சுற்று முடிவு வந்தபோது, 500க்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் 111க்குத்தான் கிடைத்தது. மற்றச் சபைகள் ஆலோசகருக்கும் திட்ட அறிக்கைக்கும் செலவழித்த காசு போனது போனதுதான். ஆளும் கட்சிக்காரரான வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயரே, ஒவ்வொன்றுக்கும் லண்டனிடம் கையேந்த வைக்கும் வழக்கம் இது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். இதெல்லாம் நடந்தது, 2010க்குப் பிறகு சபைகளின் வழமையான மத்திய மானியம் பெருமளவு வெட்டப்பட்ட நாட்டில். 2023 செப்டம்பரில் பேர்மிங்ஹாம் மாநகர சபை, அத்தியாவசியமில்லாத புதுச் செலவுகளை நிறுத்துகிறோம் என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அதே அரசாங்கம் 260 கோடி பவுணில் இன்னொரு நிதியம் வைத்து, அதைப் போட்டியில்லாமல் சூத்திரப்படி பகிர்ந்தது. மச்சாளிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். போட்டி வைத்துக் கொடுக்கும் பணம் ஏற்கெனவே வசதியுள்ள சபைக்குத்தான் போகும். பொறியியலாளரும் திட்ட உத்தியோகத்தரும் உள்ள இடத்தில் விண்ணப்பம் அழகாக வரும். ஒரேயொரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் மூன்று சபைக்கு ஓடித்திரியும் இடத்தில் எப்படி வரும்? ஏழைச் சபைக்குச் சூத்திரப் பணம்தான் உதவும். பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய வரி வருமானத்தில் 40 வீதத்தை உள்ளூர் அரசுகளுக்கு என்று எழுதிவைத்துவிட்டது. நகரத்துக்கு நகரம் பங்கிடும்போது சனத்தொகைக்குப் பாதி, நிலப்பரப்புக்குக் கால், எல்லோருக்கும் சமமாகக் கால். யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் பணம் விடுவிக்கப்பட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வரிகளைக் கணக்கில் சேர்ப்பது என்று தகராறு வந்து, உயர் நீதிமன்றம் 2018இல் உள்ளூர் அரசுகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சுங்க வரியும் சேர்ந்தது. ஆகவே 2022இலிருந்து பங்கு பெருத்தது. அங்கே ஒரு மேயர், வரும் வருடம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சந்தை கட்டலாம்.

உங்கள் தவிசாளரால் அப்படி முடியாது. அவருக்கு மேலிருந்து நிச்சயமாக வருவது நிரந்தர ஊழியரின் சம்பளத்தை ஈடுசெய்யும் கொடையில் பெரும்பகுதி. அது கைக்கு வந்து சம்பளமாகவே போய்விடும். மூலதன வேலைக்கு மாகாணத்தின் பிரமாண அடிப்படைக் கொடையிலும், பீ.எஸ்.டீ.ஜீ. என்று அலுவலகத்தில் சொல்லும் அபிவிருத்திக் கொடையிலும் கொஞ்சம் வரும். அது எவ்வளவு என்பது வருடத்துக்கு வருடம் மாறும். வந்தாலும் எப்போது வரும் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ஒரு வேலைக்குப் பெப்ரவரியில் ஒதுக்கீட்டுக் கடிதம் வருகிறது என்று வையுங்கள். சபையில் எல்லோருக்கும் சந்தோசம். அதன் பிறகு மதிப்பீடு, தொழில்நுட்ப அங்கீகாரம், விலைமனு கோரல் என்று ஜூன் ஆகிவிடும். ஒப்பந்தக்காரர் அத்திவாரம் வெட்டிவிட்டு முதல் பட்டியலைக் கொடுப்பார். காசு கேட்டுத் திருகோணமலைக்கு எடுத்தால், "ஒதுக்கீடு இருக்கிறது, கட்டுநிதி இன்னும் வரவில்லை" என்பார்கள். இந்த வசனத்தை இனி அடிக்கடி கேட்பீர்கள். ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதி. கட்டுநிதிதான் காசு. திறைசேரி அதைத் தன் கையிருப்பைப் பார்த்துத்தான் விடும். பெரும்பாலும் செப்டம்பருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும். நமக்கு அது எந்தக் காலம்? ஒக்டோபரில் மழை தொடங்கும், பெரும்போக விதைப்புக்கு ஆட்கள் வயலுக்குள் இறங்கிவிடுவார்கள், கூலிக்கு ஆள் கிடையாது. நவம்பர் டிசம்பரில் படுவான்கரையில் பாதி வீதி தண்ணீருக்குள். டிசம்பர் 31இல் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். கொழும்பில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது கிழக்கு மாகாணம் பணத்தைச் செலவழிக்கத் தெரியாமல் திருப்பியனுப்பிய கதையாகத் தெரியும். நிதியாண்டும் நம் மழையும் ஒத்துப்போவதில்லை. தென்மேற்கு மழைப் பகுதிக்காரருக்கு வருடக் கடைசி உலர்ந்த காலம் இல்லாவிட்டாலும், நமக்கு வருவதுபோல் வெள்ளமாக வருவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது, கட்டுநிதி வரும் வருடத்துக்கு முந்திய வருடமே கோப்பை முடித்து வைப்பது. மாகாணத்தில் வருடக் கடைசியில் ஏதாவதொரு சபை வேலையை முடிக்க முடியாமல் பணத்தை விடும். எந்தச் சபையில் கோப்பு தயாராக இருக்கிறதோ அங்கே அது திரும்பும். இது நான் வேலைசெய்த காலம் முழுக்கக் கண்டது.

அந்தக் கோப்பில் முதல் தாள் காணி. உங்கள் சந்தை வீதியோரத்தில் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீதி யாருடையது? ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையது. மிச்சம்தான் உங்களுடையது. வீதி ஒதுக்குக்குள் கூரை போட யாரும் அனுமதி தரமாட்டார்கள். கேட்டுக் கேட்டு வருடம் போகும். பக்கத்தில் அரச காணி இருந்தால் பிரதேச செயலாளர் ஊடாகச் சபைக்குப் பாரப்படுத்த வேண்டும். வனத் திணைக்களம் தன் வரைபடத்தில் அதைச் சேர்த்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், படுவான்கரையில் இது வழக்கமான தலையிடி. நில அளவைப் படமும் சபைத் தீர்மானமும் கையில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் ஒரு சபை, திட்ட நிதி கிடைத்த மகிழ்ச்சியில் மாபிள் பதித்த அழகான சந்தைக் கட்டடம் ஒன்று கட்டியது. சபைக்குச் சொந்தமான காணி அங்கேதான் இருந்தது என்பதற்காக, ஆட்கள் வழமையாகக் கூடும் சந்தியிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். வியாபாரிகள் இரண்டு கிழமை போய்ப் பார்த்துவிட்டுப் பழைய சந்திக்கே திரும்பிவிட்டார்கள். கடைசியாக நான் பார்த்தபோது அந்தக் கட்டடத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சந்தைக்கு மாபிள் வேண்டாம், தங்கச்சி. நாலு பக்கமும் திறந்த உயரமான கூரை, தண்ணீர் வடிந்தோடும் சீமெந்துத் தரை, குழாய், இரண்டு மலசலகூடம், மீனுக்குத் தனி மேடை. அவ்வளவும் போதும். மரக்கறி கொண்டுவரும் பெண்களிடம் கேட்டால் மலசலகூடத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

கோப்பின் கடைசித் தாள் பராமரிப்பு. யார் கூட்டுவது, மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது, குத்தகைக்கு விட்டால் எவ்வளவு வரும். இந்தத் தாள் இல்லாத கோப்பைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதை ஒழுங்காக எழுதினால் இன்னொரு கதவும் திறக்கும். உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் என்று ஒன்று இருக்கிறது, 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கியது. சபைகளுக்குக் கடன் கொடுப்பதே அதன் வேலை. சந்தைக் குத்தகையால் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

பால் விடயத்தைச் சந்தையிலிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பிரேரணையில் கேட்டது நல்ல எண்ணம்தான், ஆனால் கோப்பு நகராது. குளிரூட்டும் தாங்கியும் பால் சேகரிப்பும் சபையின் வேலையில்லை. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கும், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், பால் வாங்கும் நிறுவனத்துக்கும் இடையிலான காரியம் அது. சபை செய்யக்கூடியது இடம் கொடுப்பது, லொறி வந்து திரும்பும் கிறவல் வீதியைச் சரிசெய்வது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கேட்க வேண்டியது பாலைப் பற்றி. சந்தையைப் பற்றி அங்கே கேட்டால் மறுபடியும் சபையைத்தான் காட்டுவார்கள்.

பெரிய வேலைகளுக்கும் இதே கதைதான். ஜப்பான் உதவியில் கட்டி 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தை எந்தப் பிரதேச சபையாலும் கட்டியிருக்க முடியாது. துறையில் பாதை என்ற மிதவைக்குக் காத்து நின்ற காலத்தில், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குப் போய்ச்சேரும் முன்னே பால் திரைந்துவிடும். அந்த அளவு வேலையை மத்திய அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் பாலம் வந்த பிறகு, அதில் ஏற்றிக் கொண்டுபோக ஊரில் ஒரு சந்தையும் ஒரு தாங்கியும் வேண்டும். அந்தக் கடைசிச் சின்னத் துண்டுக்குத்தான் நம் நாட்டில் ஒழுங்கான பணவழி இல்லை. 2010இல் உலக வங்கிக் கடனில் வந்த நெல்சிப் திட்டம் வடக்கு கிழக்குச் சபைகளுக்கு நேரடியாக மூலதனக் கொடை கொடுத்தது. எதைக் கட்டுவது என்று ஊர்மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். அதற்குப் பின்னர் உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் வடக்கு, கிழக்கு, வடமத்தி, ஊவா மாகாணச் சபைகளுக்கு இன்னொரு திட்டம் கொண்டுவந்தன. நல்ல காரியங்கள் நடந்தன. ஆனாலும் திட்டம் என்றால் ஒருநாள் முடியும். வெளிநாட்டுக் கடன் முடிந்ததும் பழைய நிலைதான்.

இனிச் சபையின் சொந்தக் காசு. காணாது என்கிறார் தவிசாளர். எவ்வளவு காணாது, எங்கே விட்டிருக்கிறோம் என்று பார்த்தாரா? நிதிக் குழுக் கூட்டத்தில் இரண்டு விடயம் கேளுங்கள். உங்கள் பிரதேசத்துக் காணிகள் கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குப் போய் உங்கள் சபைக்குத் திரும்ப வர வேண்டும். உங்கள் எல்லைக்குள் நடந்த குற்றங்களுக்கு நீதிமன்றம் விதித்த தண்டப்பணமும் அப்படித்தான். இரண்டுமே சபை விபரம் எடுத்துக் கேட்டால்தான் வரும். எந்த வருடம் வரை கேட்டிருக்கிறோம், எந்த வருடம் வரை வந்திருக்கிறது? காணிப் பதிவகத்துக்கு ஒரு எழுதுவினைஞரை அனுப்பிப் பதிவுகளைப் பார்க்காமல் வருடக்கணக்காக விட்ட சபைகள் உண்டு. அந்த நிலுவை ஒரு சந்தைக் கூரைக்குக் காணலாம்.

வரி விடயத்தில் தவிசாளர்மேல் எனக்கு அனுதாபம். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் உள்ள வியாபார வரி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முந்திய வருட வரவு 150,000 ரூபாயைத் தாண்டினால் வரி 3,000 ரூபாய், அதுதான் உச்சம். இன்றைக்குச் சந்தியில் உள்ள தேநீர்க்கடைகூட அந்த வரம்பைச் சில மாதத்தில் தாண்டிவிடும். கோடிக்கணக்கில் புரளும் வியாபாரியும் அதே 3,000தான். அனுமதிப்பத்திரக் கட்டணமும் உச்சம் 1,000 ரூபாய். அதே சட்டத்தில், சுற்றுலாத் துறையில் அங்கீகாரம் பெற்ற ஹோட்டல்களுக்கு மட்டும் வரவில் 1 வீதம் வரை அறவிடலாம் என்று இருக்கிறது. ஆகவே பாசிக்குடா இருக்கும் கோறளைப்பற்றுச் சபைக்கும், அறுகம்பை இருக்கும் பொத்துவில் சபைக்கும் வருமானம் பொருளாதாரத்தோடு சேர்ந்து வளரலாம். நெல் விளையும் வெல்லாவெளிக்கும் வவுணதீவுக்கும் நாவிதன்வெளிக்கும் வளராது. கடல் இல்லாததற்குச் சபை என்ன செய்யும்? இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் மத்திய அரசின் சூத்திரப் பணம் வேண்டும் என்கிறேன்.

இதை நீங்கள் தனியாகக் கேட்க முடியாது. மட்டக்களப்பு மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபை இரண்டு, பிரதேச சபை ஒன்பது. மாகாணத்துக்கு வரும் மூலதனக் கொடையில் குறித்த வீதம் சபைகளுக்குச் சூத்திரப்படி போக வேண்டும், எவ்வளவு என்று முந்திய வருடமே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று பன்னிரண்டும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு நிதி ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். ஆணைக்குழு மாகாணங்களிடம் அடுத்த வருடத் தேவையைக் கேட்பது வருட நடுப்பகுதியில். அதற்கு முன்னர் போய்ச்சேர வேண்டும். இதில் காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் உங்களோடு நிற்காமல் இருக்கக் காரணமே இல்லை. கட்டுநிதி தமிழ்ச் சபைக்கும் முஸ்லிம் சபைக்கும் ஒரேமாதிரித்தான் பிந்துகிறது.

எம்.பி.யிடம் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். போங்கள், வெட்கம் ஒன்றுமில்லை. எம்.பி.மார் சொல்லும் ஊர் வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, உங்கள் ஊருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சந்தை முழுவதையும் கேட்காதீர்கள். துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இந்த வருடம் தூண், அடுத்த வருடம் கூரை என்று இழுபட்டு, நடுவில் ஆட்சி மாறினால் தூண் மட்டும் நிற்கும். குழாய்க்கிணறு, மலசலகூடம் என்று தன்னளவில் முடிகிற ஒன்றைக் கேளுங்கள். அந்த வேலை பிரதேச செயலகம் ஊடாக நடக்கும், கட்டி முடிந்ததும் சபைக்குக் கையளித்த கடிதத்தை வாங்கிக் கோப்பில் போடுங்கள். கடிதம் இல்லாவிட்டால் பிறகு அதைத் திருத்தக்கூடச் சபை செலவழிக்க முடியாது, கணக்காய்வாளர் கேள்வி எழுப்புவார்.

அடுத்த கடிதத்தில் வீதியின் தரத்தையும் காணி யாருடையது என்பதையும் எழுதுங்கள். அளவைப் படம் இருந்தால் ஒரு பிரதி வையுங்கள். மதிப்பீட்டில் எந்தெந்த உருப்படி வர வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.